ஈரக் கழிவு

மூன்று மணிக் கொழுந்து நிறுக்கையில்
தராசு முள்ளைப் பார்க்காமலே சொல்வார் கணக்கப்பிள்ளை:
"ஈரத்துக்கு ரெண்டு."
பன்னிரண்டு என்றால் பத்து.
வெயில் காயும் நாளிலும் ரெண்டு.
யாரும் கேட்பதில்லை.
கேட்ட வாய்க்கு அரைப்பேர்தான் விழும் என்று
பொகவந்தலாவைக் குருவிக்கும் தெரியும்.

நேற்று அறுப்பின் பண்டிகை.
அறுப்பது ஒன்றும் எமதில்லாத மலையில்
ஆளுக்கொரு மேரக்காய், அரைச் சீப்பு வாழைப்பழம்
பீடத்துப் படியில் வைத்தோம்.
போதகர் துண்டுக் காகிதம் கொடுத்தார்:
"நன்றி சொல்ல வேண்டியதை எழுதுங்கள்."
பேனை என்னிடம் வந்ததும்
கை தானாக ஓடியது:
சுகம், பெலன், ஜீவன், பிள்ளைகள்,
இம்மட்டும் நடத்திய கிருபை.
முன்வரிசை ஞானசீலியும் அதையே எழுதினாள்,
ஓர் எழுத்தும் மாறாமல்.
மடித்துக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு
சாப்பாட்டு வரிசைக்கு ஓடினோம்.

இன்று ஏழாம் நம்பர் மலை.
மழை படங்குக்குள் இறங்கி
அட்டைகள் காலில் கணக்கெழுதும் நேரம்
மறுபடியும் அந்தச் சத்தம்:
"ஈரத்துக்கு ரெண்டு."
கவிழ்த்த கூடையோடு நின்றுவிட்டேன்.
ஆண்டவரே,
என் துண்டுக் காகிதத்தை
நீர் தராசில் வைத்தீரா?
சொல்லின் ஈரத்தைக் கழித்த பிறகு
எத்தனை கிலோ நின்றது?

இரவு. லயம் முழுக்கக் கரண்ட் இல்லை.
யோவேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.
குப்பி விளக்கடியில் உட்கார்ந்து
தண்ணீர் தெளிக்காத ஒன்றைத்
தேடிப் பார்க்கிறேன்.

விடியப் பீலியில் தண்ணீர் வந்தது.
என் குடம் நிறையும்வரை நின்றது.
அது உண்மை. வைக்கிறேன்.

செம்பாயி பாதித் தேங்காய் தந்தாள்,
எப்போது திருப்புவாய் என்று கேட்காமல்.
அவள் மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறவள்.
ஆனாலும் அந்தத் தேங்காயில் உம்முடைய விரல் பட்டிருந்தது.
சொன்னால் சிரிப்பாள், கோபிக்கமாட்டாள்.
வைக்கிறேன்.

நேற்றிரவு இவருடைய இருமல்
மூன்று மணிவரை வரவில்லை.
நானும் தூங்கினேன்.
தூங்கியது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

நெகேமியா...
கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான்.
நாலு மாதமாகப் போன் இல்லை.
இதற்கு நன்றி வரவில்லை, ஆண்டவரே.
வருகிறதாகச் சொன்னால் அது முழுக்க ஈரம்.
நேற்று "பிள்ளைகள்" என்று எழுதினேனே,
அந்த ஒரு சொல்லைத் திருப்பித் தாரும்.
அவன் வரட்டும், எழுதுகிறேன்.
அவன் பேரை நீர் மறக்கவில்லை என்றால்
அதற்கு மட்டும்
கால் கிலோ போட்டுக்கொள்ளும்.

கூட்டிப் பார்த்தால்
ஒரு கைப்பிடிக்கும் காணாது.
ஆனாலும் ரெண்டு இலையும் மொட்டுமாக இருக்கிறது.
முற்றல் இல்லை. காம்பு இல்லை.
உம்முடைய செக்ரோலில்
இதற்கு முழுப்பேர் விழுமோ என்னவோ.

கதவிடுக்கில் காற்று புகுந்து
விளக்கு அணைந்தது.
அந்த இருட்டில்தானா
இவருக்கு இருமல் வரவேண்டும்?
சுடுதண்ணீர் வைக்க எழும்பினேன்.
தடவித் தடவி
அடுப்புத் திட்டில் நெருப்புப்பெட்டி கிடைத்தது.
குலுக்கினேன்.
ஒரே குச்சி.
பெட்டியின் ஓரமும் நமுத்துப்போயிருந்தது.

முதல் உரசலில் பிடித்தது.
"ஸ்தோத்திரம்" என்றது வாய்,
என்னைக் கேட்காமல்.