கூப்பிடு தூரம்

"உஜ்தாவிலிருந்து திலெம்சேனுக்கு
எத்தனை மணி நேரம்?"

கேட்டவர் காதோரம் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.
ஸுபீர். பூச்சு வேலை.
வியாழக்கிழமை அக்காள் மகளுக்குக் கல்யாணம்.

திரையைப் பார்த்துச் சொன்னேன்:
முதலில் காசாபிளாங்கா. ஒரு மணி பத்து நிமிடம்.
"அது மேற்கே அல்லவா?"
மேற்கேதான்.
அங்கே ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும்.
பிறகு துனிஸ்.
நம் விமானம் அவர்கள் வானத்தில் நுழையக் கூடாது
கடல்மேல் ஒதுங்கி ஒதுங்கிப் போகும்
மூன்று மணி நேரம் என்று வையுங்கள்.
துனிஸில் ஓர் இரவு.
நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி உண்டு
படுக்க முடியாது, சொல்லிவிடுகிறேன்.
விடிந்தால் அல்ஜியர்ஸ்.
அங்கே இறங்கி, சின்ன விமானம் ஏறி
மறுபடி மேற்கே
நம்மைப் பார்த்தே பறந்து வந்து
நமக்குச் சற்று முன்னால் இறங்கிவிடும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு
இருபத்தொன்பது மணி நேரம்.

"நேராக?"

நேராக என்று என் திரையில் ஒன்றும் வராது.
எல்லை மூடி முப்பது வருடம் தாண்டிவிட்டது
என்னைவிட அதற்கு இரண்டு வயது அதிகம்.

விலையைச் சொன்னேன்.
உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார்.
"பதினெட்டு அறை" என்றார்.
பூசி முடிக்க, என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சட்டைப் பையிலிருந்து மட்டம் பார்க்கும் நூலை எடுத்து
சுவரில் இருந்த வரைபடத்தில் பிடித்தார்.
இங்கிருந்து அங்கே, அரை விரல்.
ஐம்பத்தொன்பது கிலோமீட்டர்.
பிறகு நான் சொன்ன வழியில் நூலை ஓட்டினார்
காசாபிளாங்காவில் ஒரு விரலால் அழுத்தி
கடலோரம் வளைத்து வளைத்து...
துனிஸுக்கு முன்பே, தண்ணீரில்
நூல் தீர்ந்துவிட்டது.

டிக்கெட் எடுக்கவில்லை.
நூலையும் எடுக்கவில்லை.

ஞாயிறு அவரோடு நானும் போனேன்.
எனக்கு அக்கரையில் யாரும் இல்லை
ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.
வடக்கே, கடலுக்குக் கொஞ்சம் முன்னால்
சாலையோரம் ஓர் ஓடை, இருபுறமும் வேலி.
உஜ்தாவிலிருந்து அங்கே போவதும்
திலெம்சேன் போவதும்
கிட்டத்தட்ட ஒரே தூரம்தான்.

அக்கரையில் ஒரு வேன் நின்றது.
அதன் கூரைமேல் பொன்னிற உடுப்பில் மணப்பெண்
கீழே இரண்டு பேர் அவள் கணுக்காலைப் பிடித்திருந்தார்கள்.
அவள் கத்தினாள்.
இவர் கத்தினார்.
நாற்பது பேர் இந்தப் பக்கம், அறுபது பேர் அந்தப் பக்கம்
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

"என்ன சொல்கிறாள்?" என்று என்னைக் கேட்டார்.
எனக்கும் கேட்கவில்லை.
குரல் வந்து சேர்ந்தது
சொல் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.
"ஆமாம்! ஆமாம்!" என்றார் அக்கரையைப் பார்த்து
தொண்டை கட்டும் வரை.

திங்கட்கிழமை கடை திறந்தேன்.
வரைபடத்தின் ஆணியில் நூல்
மின்விசிறிக் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.
முதலில் வந்த பெண் கைக்குழந்தையைத் தோள் மாற்றியபடி
பாரிஸ் எவ்வளவு நேரம் என்றாள்.

இரண்டு மணி நாற்பது நிமிடம் என்றேன்.
நேர் விமானம்.
சன்னலோரம் வேண்டுமா?