சாய்க்காமல்

கடம்பூர் தாண்டியதும்
சொல்லாமல் கொள்ளாமல் முடிகிறது தார்.
இறங்கி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தேன்.
பின்னால் நின்றபடி ஃபிரிட்ஜ்,
சிவப்பு, ஒற்றைக் கதவு,
சத்தியமங்கலம் பழைய சாமான் கடையில்
சிக்கம்மா பேரம் பேசி வாங்கியது.
"சாய்க்கக் கூடாது, கேஸ் போயிரும்."
சொன்னது நான்.
அவள் தலையாட்டினாள்.
அவள் தம்பி ஜடையன்
அதன் கதவில் கன்னம் வைத்துக்
கட்டிப்பிடித்து நின்றான்.

குரும்பூர்ப் பள்ளத்தில் செந்தண்ணி.
மேலே எங்கோ மழை.
நடுவிலிருக்கும் கரும்பாறை முங்கினால்
வண்டி போகாது என்பது கணக்கு.
பாதி முங்கியிருந்தது.
பாதிக்கு என்ன கணக்கென்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.
ஒரு பீடி. இன்னொரு பீடி.
ஃபேன் தண்ணீரை எஞ்சினில் வாரி அடிக்காமலிருக்க
பெல்ட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.
லோ கியர், ஒண்ணாம் நம்பர்,
ஆக்சிலேட்டரில் வைத்த கால் வைத்தபடி.
பள்ளத்தில் கியர் மாற்றுகிறவன்
பள்ளத்தோடு போவான்.
கணுக்காலைத் தண்ணீர் தொட்டது.
முன்சக்கரம் ஒரு கல்லைத் தேடியது,
கிடைக்கவில்லை,
கிடைத்தது.

அக்கரையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏற்றம்.
மழை தின்றது போக மிச்சமிருந்த தடம்,
ஒரு சக்கரத்துக்குப் பாறை
ஒரு சக்கரத்துக்கு வேர்.
மூன்றாவது வளைவில்
இடது பின்சக்கரம் வெறுங்காற்றில் சுற்ற
ஜீப் யோசித்தது.
நானும்.
கிளட்ச் கருகும் நாற்றம்.
கீழே, காலுக்குக் கீழே,
மூங்கிலின் உச்சிகள்.
"படுக்கப் போட்டுரலாமுங்களா?"
"பேசாமப் புடிப்பா."
சிக்கம்மா குதித்திறங்கி
பலாப்பழம் வாங்குகிறவள் போல
ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்துச்
சக்கரத்துக்கு அடியில் கொடுத்தாள்.
வண்டி ஒருமுறை தும்மிவிட்டு ஏறியது.
பொழுது சாய்ந்தது.
சாய்ந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குள் தூக்கி வைத்தோம்.
பிளக்கைக் கையில் பிடித்தபடி
நான் சுவரைச் சுற்றி வந்தேன்.
மண்சுவர், அரிவாள், ஒரு காலண்டர்.
அதற்குள் சிக்கம்மா கதவைத் திறந்து
விதைராகியை உள்ளே
கொட்டத் தொடங்கியிருந்தாள்.
"எலிக்குங்க" என்றாள்.
"போன வருசம் வெதைய முச்சூடும் தின்னுருச்சு.
ரப்பர் இறுக்கமா இருக்குதான்னு பாத்துத்தான் எடுத்தேன்."
"கேஸ்?"
"அது போயி மூணு வருசமுங்க.
அதுக்குத்தானே வெலையக் கொறச்சான்."

ஜடையன் என்னைப் பார்த்தான்.
அவன் கன்னத்தில் கதவுப்பிடியின் அச்சு.
"அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"
"நீங்கதான் அத்தன அக்கறையா ஓட்டுனீங்களே" என்று
ராகிக்களியும் கீரையும் வைத்தாள்.
கோபப்பட இரண்டு உருண்டை தாமதமாகிவிட்டது.

இருட்டில் தனியாக இறங்கினேன்.
பின்னால் ஒன்றும் இல்லை,
ஒரு சாக்கு, ஒரு கயிறு.
மூன்றாவது வளைவு வந்ததும்
கால் தானாகவே பதமானது.
மலைப்பக்கமாக ஒதுங்கி,
மூச்சை அடக்கி,
அங்கே ஏதோ நின்றுகொண்டிருப்பது போல
ஒவ்வொரு கல்லாக இறக்கினேன்.