கால்

இரவு இரண்டே காலுக்கு ஆஸ்லத் கூப்பிட்டான்,
இனாரியிலிருந்து, பனிவண்டியை நிறுத்திவிட்டு.
"ஐனிக்கி, உன் கழுத்துப்பட்டி
செத்துப்போனதாகச் சொன்ன பனிமான்
என் முன்னால் படுத்து அசைபோடுகிறது."
அவனுக்குப் பின்னால் காற்று.
நடுவில் ஒரு தும்மல்,
மானுடையதாகத்தான் இருக்கும்.

ஊலுவில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மேசையில் சில்லு,
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.
சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியை நம்பி
மூன்று குளிர்காலம் அது விழித்திருக்க வேண்டும்.
அதனால் அதற்கு வாய்ப்பாடு கொடுக்கவில்லை,
பூவா தலையா கொடுத்தேன்.

அரை என்றால்
துடிப்புகளில் பாதி ஒன்று, பாதி பூஜ்யம்;
எது எப்போது என்று கேட்கக் கூடாது.
இரண்டு ஓடைகள் ஒரு வாசலுக்கு வரும்.
இதுவும் அதுவும் வந்தால்தான் திறக்கும் வாசல்.
பெருக்கல் அவ்வளவுதான்,
ஓர் 'உம்'.

அசையாமை அரை. குளிர் அரை.
அரையில் அரை கால்.
காலுக்கு மணி அடிக்காது.

பிறகு ஏன் அடித்தது?

இருநூற்றைம்பத்தைந்து துடிப்புகளைக்
காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன்.
அசையாமை நூற்றிருபத்தேழு.
குளிர் நூற்றிருபத்தேழு.
வாசலைத் தாண்டியதும் நூற்றிருபத்தேழு.
பெருக்கியும் அரை அரையாகவே நிற்கிறது.

போன வசந்தத்தில் இல்போ சொன்னான்:
"காசு சுண்டுவதற்கே பாதி மின்சாரம் போகிறது,
ஒருவனே இருவருக்கும் சுண்டட்டும்."
தலையாட்டியவள் நான்.
எட்டு அறைகள் கொண்ட ஒற்றை வளையம்.
அவனுக்குப் பூ என்றால் இவனுக்கும் பூ.
சாட்சிகள் இருவர் என்று எழுதிவைத்தேன்;
இருந்தது ஒரு சாட்சி,
பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவன் ஒருவன்.

இன்னொரு வளையத்துக்கு
இல்போவின் கணக்கில் இடமில்லை.
நாலு மணிக்கு, காபி ஆறிய பிறகு,
கம்பிகளை மட்டும் புரட்டினேன்.
அதே எட்டுதான், குளிருக்கு மட்டும்
கடைசியிலிருந்து முதலுக்கு.
ஒரே எண்ணை
ஒருவர் தலையிலிருந்து படிக்க
மற்றவர் வாலிலிருந்து படிக்கிறார்.
கம்பி குறுக்கே போவதற்குப்
பேட்டரி கூலி கேட்பதில்லை,
கேட்டாலும் சில்லறை.

மறுபடி கோடுகள்.
அறுபத்துமூன்று.

அறுபத்துநாலு அல்லவா வர வேண்டும்?
அந்த ஒன்றைத் தேடி விடியும்வரை உட்கார்ந்தேன்,
இங்கே ஜனவரியில் விடிவது பத்து மணிக்கு.

அது பிழையில்லை.
வளையம் எல்லா எண்ணிலும் ஒருமுறை மிதிக்கும்,
எட்டு அறையும் பூஜ்யமான
அந்த ஓரிடம் தவிர.
அங்கே விழுந்தால் எழாது.
மெல்லிய பனிக்கட்டி ஏரியை
மான்கள் சுற்றிப்போவதுபோல
ஒவ்வொரு சுற்றிலும் விலகிப்போகிறது.

ஆஸ்லத்துக்கு எழுதினேன்:
"மே மாதம் புதுச் சில்லு வரும்.
அதுவரை பட்டியைக் கழற்றிவிடு.
புதியதும் கொஞ்சம் தவறும்."
"எவ்வளவு?"
"ஒன்று."

மதியம்தான் பதில் வந்தது.
"ஒன்றுதானே.
என் மந்தையில் எத்தனை என்று
நான் யாரிடமும் சொன்னதே இல்லை."