காலி எடை

காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
சாவி கொடுத்த பையன் இர்ஷாத்
நாலு பக்கமும் நின்று காரைப் படமெடுத்தான்,
பழைய கீறல்களை என் பெயருக்கு எழுதி வைப்பதுபோல.
"பெட்ரோல் மூடி இடப்பக்கம் மேடம்.
ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கணும்."
தூக்கினேன். முன்னால் பாய்ந்தது.
அவன் சிரிக்கவில்லை,
இன்னும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

எனக்கு முன் ஓட்டியவர் நெட்டை.
பெடலுக்குக் கால் எட்டவில்லை,
கண்ணாடியில் சாலைக்குப் பதில் வானம்.
ப்ளூடூத் பட்டியலில் ஏழு பேர்:
பார்கவி போன், ஜெபா 2, டாக்டர் நரேன்…
எட்டாவதாகச் சேரக் கூச்சமாக இருந்தது.
போனை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்டியான்பேட்டை தாண்டியதும்
கடைப் பலகைகளில் எழுத்துக்குத் தலைக்கட்டு முளைத்தது.
ரேடியோவில் ஒரு விளம்பரம்
தமிழில் தொடங்கி, இரைச்சலில் மூழ்கி,
தெலுங்கில் கரையேறியது.
சோப்பு அதே சோப்பு.

வளைவில் இண்டிகேட்டர் போடப் போய்
காய்ந்த கண்ணாடியை வைப்பர் தேய்த்தது.
என் வண்டியில் வலக்கை செய்வதை
இதில் இடக்கை செய்யவேண்டுமாம்.
பதினோரு வருடக் கை
சொன்னால் கேட்கிற கை இல்லை.
பின்னால் வந்த டிராக்டர்காரர்
என்ன புரிந்துகொண்டாரோ,
ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

தவணம்பள்ளிப் பக்கம் மாம்பழக்கூழ் ஃபாக்டரி.
வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு
பெங்களூரா ஏற்றிய வண்டிகள்.
புளிக்கத் தொடங்கிய வாசனை
ஏற்றிய ஜன்னலுக்குள்ளும் வந்தது.
ராத்திரியிலிருந்து நிற்கும் சித்தையா
குனிந்து கண்ணாடியைத் தட்டினார்.
"டன்னுக்கு நாப்பது கிலோ முழுங்குதம்மா அந்த மேடை.
நீ யாரு பக்கம்?"
"நான் எந்தப் பக்கமும் இல்லை, அளவு பார்க்க வந்தவள்."
இந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

சோதனைக் கற்கள் ஏற்றிய லாரி
நகரியில் பஞ்சராகி நின்றது.
சும்மா இருப்பானேன் என்று
வாடகைக் காரையே மேடையில் ஏற்றினேன்.
அறுபது டன் நிறுக்கிற இரும்புமேல்
தாம்பாளத்தில் உருட்டிவிட்ட எலுமிச்சம்பழம்போல.
முதல் மூலை: தொள்ளாயிரத்து நாற்பது.
இரண்டாவது: தொள்ளாயிரத்து நாற்பது.
மூன்றாவது: தொள்ளாயிரம்.
வளையத்தைத் தூக்கி, பின்னுக்கு வந்து, மறுபடி.
தொள்ளாயிரம்தான்.
லாரி என்றால் மேடை முழுக்கப் படுத்து மறைத்திருக்கும்.
சின்ன வண்டி காட்டிக்கொடுத்தது.

தகட்டுக்கு அடியில் கையை விட்டேன்.
சேறு, கல்,
இறுகிக் கிடந்த மாங்கொட்டைகள்.
தானாக உருண்டவையா, உருட்டியவையா
என்பதற்கு என்னிடம் கருவி கிடையாது.
"குப்பைதானே மேடம்" என்றார் மேனேஜர் ஜனார்த்தன்,
"கூட்டிட்டா போச்சு. ரிப்போர்ட்ல எதுக்கு?"
எழுதினேன். தேதியும் நேரமும் போட்டு.
நேற்று வரை நிறுத்த எடைகளுக்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சுத்தம் செய்தபின் கடைசியாக ஒருமுறை.
நாலு மூலையும் தொள்ளாயிரத்து நாற்பது.
இறங்கிப் பார்த்தேன்: எண்ணூற்று எண்பது.
இத்தனை நாளில் எத்தனையோ மேடைகளைச் சரிபார்த்திருக்கிறேன்;
அறுபது கிலோவாக நான் ஒரு கணக்கிலிருந்து
கழிந்து போனதைப் பார்த்தது அன்றுதான்.

திரும்பும்போது மழை.
வைப்பர் போட நினைத்தேன், இடப்பக்கம் மினுக்கியது.
எதிரே யாரும் இல்லை.
சித்தூர் விளக்குகள் வரும்வரை
மினுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காட்பாடியில் இர்ஷாத் மீண்டும் படமெடுத்தான்.
பின்கதவைத் திறந்தவன் நின்றான்.
"இது வண்டியோட வரலையே மேடம்."
பின்சீட்டில் நாலு மாங்காய்.
ஜன்னலை எப்போது இறக்கி வைத்தேன்,
வரிசையைத் தாண்டி வரும்போதா?
நன்றியா, கூலியா,
இல்லை நாளைக்கு முன்பணமா?

ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.
ஒன்றைக் கையில் எடுத்தேன், பழக்கதோஷம்:
நானூற்றைம்பது கிராம் இருக்கும்.
கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.