பன்னிரண்டு பாகை

பன்னிரண்டு பாகை.
இந்த எழுத்துருவின் சாய்வு அவ்வளவுதான்.
ஜனவரியில், வினிபெக்கின் போர்ட்டேஜ் அவென்யூவில்,
எதிர்காற்றில் பஸ்ஸுக்கு நடக்கிறவர்கள்
அதைவிடக் கூடச் சாய்வார்கள்.

சும்மா எழுத இது உதவாது.
பலசரக்குக் கடையொன்றின் விலைப்பட்டியலை
ஒருமுறை இதில் அடுக்கிப் பார்த்தேன்.
கத்தரிக்காய், கிலோ நாலு டொலர்:
கூறைச்சேலையோடு மீன் வெட்டுகிற மாதிரி இருந்தது.
பெயர்களுக்குத்தான் சரி,
அதுவும் பெரிதாக,
சுற்றிவர வெள்ளை நிறைய விட்டு.

தமிழையும் சாய்த்துத் தரச்சொல்லிக் கேட்பார்கள்.
கணினி சாய்க்கும்.
ழகரம், படியில் தடுக்கினவன்போல்
கையை நீட்டிக்கொண்டு விழும்.
வளைந்து பிறந்ததை ஏன் சாய்ப்பான் என்று சொல்லி
ஆங்கிலப் பெயரை மட்டும் இதில் வைப்பேன்.

யதுஷாவின் கல்யாண அட்டைக்கும் அப்படித்தான்.
முதலெழுத்து ஒய்.
அதற்கு மூன்று வால்கள் உண்டு;
தாய்க்காரி நீளமானதைத் தொட்டுக் காட்டினாள்.
அது கீழ்வரிக்கு இறங்கி
டினோஜனின் டியை ஒரு சுற்றுச் சுற்றி
மயிரிழையாகி முடியும்.
நானூற்றைம்பது அட்டை. பொன் மை.

எடுக்க ஒருவரும் வரவில்லை.
காசு வந்தது, முழுக்க, ஒரு கடித உறையில்.
நான் விசாரிக்கவில்லை.
பின்பக்கம் வெறுமை என்பதால்
கணக்கு எழுதத் தொடங்கினேன்:
மை, தாள், மின்சாரம்,
பல்லுக் கொதிக்கு வாங்கின குளிசை.

போன ஒக்டோபர் அவளே வந்தாள்.
சார்ஜென்ட் அவென்யூவில் கண் பரிசோதனை நிலையம்,
கண்ணாடிக் கதவுக்குப் பெயர் வேண்டுமாம்.
அளவைக் குறிக்க, பழக்கதோஷம்,
அந்த அட்டையிலொன்றைக் கையில் எடுத்துவிட்டேன்.
வாங்கித் திருப்பினாள்.
மேசை விளக்குக்குக் கீழே பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"வால் நல்லாத்தான் இருக்கு.
அதையே போடுங்கோ."

டொக்டர், உங்களிட்ட வாற சனத்துக்கு
எட்ட நின்று இது தெரியாதே என்றேன்.
"கிட்ட வந்து வாசிக்கட்டும்."

சுற்றிப்பிடிக்க எதுவுமில்லாத வாலை
என்ன செய்வதென்று
ஒரு பின்னேரம் முழுக்கத் திரையோடு இருந்தேன்.
வெட்டிப் பார்த்தேன்: ஒய் நொண்டியது.
மடித்துப் பார்த்தேன்: பூனை படுத்ததுபோல் இருந்தது.
கடைசியில் போகவிட்டேன்.
கதவின் குறுக்கே போய்
கைபிடிக்கு ஒரு விரற்கடை முன்னால்
தானாக நின்றது.

ஒட்டி முடித்ததும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தாள்.
சுவரில் பரிசோதனைப் பலகை;
அதில் கறுத்த எழுத்துகள் முதுகு நிமிர்த்தி,
ஒன்றையொன்று தொடாமல்.
திரும்பிக் கதவைப் பார்த்தேன்.
உள்ளேயிருந்து பார்க்க
பெயர் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது.

வெளியே முதற்பனி.
தொப்பியை அமுக்கிக்கொண்டு ஒருவர் சாய்ந்து வந்தார்,
நிச்சயமாகப் பன்னிரண்டுக்கு மேல்.
மூக்கு முட்டுமளவு நெருங்கி
எழுத்தெழுத்தாக உதடசைத்தார்.
அவர் மூச்சில் வால் முழுதும் மங்கி,
பிறகு
நுனியிலிருந்து தெளிந்தது.