இல்லை என்று எழுதும் வேலை

இருநூற்றுப் பதினேழு பெட்டிகள்.
ஒவ்வொன்றிலும் சாக்லேட் மணக்கும் மெழுகுத் துண்டு.
செவ்வாயும் வெள்ளியும்
தபால் பையை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்புவேன்.
மூடியைத் திற, குனி, பார்,
நோட்டில் எழுது: இல்லை.

அடுத்ததிலும் இல்லை.
ஓடை வளைவில், நாற்பத்தொன்றாவதில்,
நத்தை ஒன்று தூங்குகிறது.
நத்தை என்று எழுதி,
அடித்துவிட்டு,
இல்லை.

ஸ்கார்வேயில் பதினோரு வீடுகள்,
ஒரு படகுத்துறை, எண்ண முடியாத ஆடுகள்.
போன குளிருக்கு முந்தின குளிரில்
நீல விஷக் கட்டிகள் வைத்தோம்,
ஐம்பது மீட்டருக்கு ஒன்று,
செங்குத்துப் பாறையிலும், இடுப்பில் கயிறு கட்டி.
கூட்டத்தில் தோர்மோட் எழுந்து கேட்டார்:
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
அவர் வீட்டுப் பலகைச் சுவர்தான்
முதலில் நாறியது, மூன்று வாரம்.

என் வாசலுக்கு ஒன்று பட்டப்பகலில் வந்தது.
ஓடவில்லை.
வெயிலை அப்போதுதான் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.
நான் கையுறையைத் தேடினேன்.
அதன் மீசை கடைசிவரை ஆடியது.
இதற்கு நோட்டில் கட்டம் போடவில்லை யாரும்.

அவை கேட்டு வந்தவையல்ல.
பார்லி ஏற்றிய கப்பல் ஒன்று
வடக்குத் திட்டில் உடைந்த இரவு
நீந்தத் தெரிந்தவை நீந்தின.
எங்கள் ஆட்களும் ஏதோவொரு படகில் வந்தவர்கள்தான்,
அவர்களுக்கு யாரும் கட்டி வைக்கவில்லை.

ஆனால் புயல்பறவை
உள்ளங்கையில் அடங்கும்.
வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை.
அதையும் கல்லிடுக்கில் இட்டுவிட்டு
இருட்டும்வரை மூச்சுக்காட்டாது.
எலி வளையானாலும் தனி வளை என்பது சரி,
உள்ளே ஏற்கெனவே ஒருத்தி
அடைகாத்துக்கொண்டிருந்தால்?

போன நவம்பரில், நூற்று மூன்றாவது பெட்டியில்
பல்தடம்.

கை நடுங்கி டார்ச் விழுந்தது.
கரையிலிருந்து இஷ்பெல் போனில் கத்தினாள்:
சினையாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா?
தெரியும்.
படகை நிறுத்தினார்கள். கோழித் தீவனத்தைப் பூட்டினார்கள்.
நான்கு இரவு லாந்தரோடு புல்லில் கிடந்தோம்,
எலியை நம்பாத தோர்மோட் உட்பட.
அனுப்பிய படத்துக்கு ஐந்தாம் நாள் பதில்:
"முன்பல் அகலம் எட்டு மில்லிமீட்டர்.
இது எலியென்றால் ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும்.
தீவில் சிறுபிள்ளைகள் உண்டா?"

ஒருத்திதான். யூனா, ஏழு வயது.
புதிதாய் முளைத்த இரண்டு முன்பற்கள்.
ஊரே சுற்றி நின்று கேட்டதும்
உதட்டைப் பிதுக்கிச் சொன்னாள்:
சாக்லேட் மாதிரியே இல்லை.

அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்போது ஜூன்.
இரவு பதினொன்றுக்கும் வானம் முழுசாய் அணையவில்லை.
தோர்மோட்டின் ஆட்டுப்பட்டிச் சுவரோரம் வருகையில்
உள்ளே யாரோ
பழைய தையல் இயந்திரத்தை மிதிக்கிறார்கள்.
நிறுத்தாமல், கரகரவென்று,
நடுவில் ஒரு விக்கல்.
மறுபடியும் மிதி.

கல்லில் கன்னத்தை வைத்தேன்.
எண்ணெயும் பாசியும் கலந்த ஒரு வாடை.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
கம்பளிச் சட்டையோடு அவர் வந்து நின்றார்,
என்ன என்று புருவத்தால் கேட்டார்,
தன் காதையும் கொண்டுவந்து வைத்தார்.

சுவர் வாயை மூடிக்கொண்டது.

காத்திருந்தோம். ஆடு ஒன்று இருமியது.
ஒன்றும் இல்லையே என்றார்,
காதை எடுக்காமல்.

தூறல் போட்டது.
இன்னும் ஒன்பது பெட்டி பாக்கி.