ஐம்பத்தொரு டிகிரியில் குளிர்காற்றுக் குழாய்

அட்டைப் பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது,
குளிர்காற்றுக் குழாய் என்று.
ஷுவைக் கேரேஜ் தெருவில்
ஆகஸ்ட் மாதத்துப் பகல் பதினொன்றரைக்கு
அதைப் படித்துவிட்டு
நானும் குல்ஸமானும் ஒன்றாகச் சிரித்தோம்.
எங்கள் இருவருக்கும் பொதுமொழி
அரைகுறை இந்தியும் முழு வெயிலும்.

சிவப்புக் கூம்பு. பளபளக்கும் அலுமினியக் குழாய்.
முப்பத்திரண்டு தினார்.
எண்ணெய் தடவிய பருத்தி, கழுவிக் கழுவிப் போடலாம்,
ஏழு குதிரை கூடும் என்றான்.
என் லான்சரில் ஏற்கெனவே இருந்த குதிரைகள்
காலை நெரிசலில் நின்று நின்று
கழுதைகளாகி வெகுநாளாயிற்று.

காற்றைத் தெரியாதவனில்லை நான்.
ஷார்க்கில் நாற்பத்திரண்டு மாடிக் கட்டடத்துக்கு
மூச்சு விடுகிற வேலை எனக்கு.
மொட்டை மாடியில் ஆளுயரப் பெட்டிகள்;
வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி உதறினால்
பாதிப் பாலைவனம் என் மீசையில்.
காற்றைச் சுலபமாக விடுகிற சல்லடை
மண்ணையும் சுலபமாகத்தான் விடும்.
தெரியும்.
தெரிந்தும் மூன்று வெள்ளிக்கிழமைகள்
அந்தச் சிவப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பொண்ணு பாக்கப் போறவன் மாதிரியில்ல போற"
என்றார் மேல் கட்டிலிலிருந்து தஸ்தகீர்.
"அந்தக் காசுக்கு ரெண்டு டயர் வாங்கலாம்."

நாலாவது வெள்ளி
கம்பெனி மானோமீட்டரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன்.
ஞாயிறு காலை திருப்பி வைத்தாயிற்று,
சூப்பர்வைசர் இதைப் படிக்க நேர்ந்தால் அறிக.
குல்ஸமான் என் பத்தாக்காவை
அடமானமாக வாங்கி மேசையில் போட்டுக்கொண்டு
மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விட்டான்.

பழைய காகித ஃபில்டர்: அறுநூற்றுப் பத்து பாஸ்கல்.
அதன் மடிப்புகளில் ஒரு வெட்டுக்கிளி, இரண்டு ஈ,
ஏப்ரல் தூசிப்புயல் மொத்தமும்.
மூன்றரை தினார் புதுக் காகிதம்: இருநூற்று நாற்பது.
சிவப்புக் கூம்பு: நூற்றெழுபது.
நடுவே இருக்கிற எழுபது
சூடான டீயை ஊதுகிற அளவுகூட இல்லை.

அப்புறம் வெப்பமானி.
பம்பர் ஓரம், பழைய குழாய் உறிஞ்சும் இடத்தில் ஐம்பத்தொன்று.
பானட்டுக்குள், கூம்பு குந்தியிருக்கும் இடத்தில் எழுபத்து நான்கு.

கணக்கு முடிந்தது.
கணக்கு எப்போதுமே சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்த ஒரு சுற்றில்,
மூன்றாம் கியரில் காலை அழுத்தியபோது
வண்டி
வாய் திறந்தது.
தொண்டைக்குள்ளிருந்து ஒரு கரகரப்பு,
தூங்கி எழுந்தவன் முதன்முதலாகப் பெயர் சொல்வதுபோல.

மஹ்பூலாவில் ஓர் அறைக்கு ஏழு பேர்.
நைட் ஷிஃப்ட்காரன் தூங்குகிறான் என்று
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறோம்.
மனைவியோடு போனில் சண்டையும்
போர்வைக்குள் கிசுகிசுப்பில்தான்;
கோபம் தலைக்கேறும்போது
இன்னும் மெதுவாகப் பேசப் பழகிவிட்டேன்.
ஃபஹாஹீல் சாலையில் நாற்பது நிமிடம்
எனக்கென்று நான்கு கதவுகள்.
குதிரை எதற்கு,
உள்ளே ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

இதை இந்தியில் எப்படிச் சொன்னேனோ தெரியாது.
குல்ஸமான் கூம்பைக் கழற்றித் துடைத்துப்
பெட்டியில் வைத்தான்.
தாடியைச் சொறிந்தான்.
பிறகு ஃபெண்டருக்குள் முழங்கை வரை விட்டு
கறுப்பு பிளாஸ்டிக் குடுவை ஒன்றைப் பிடுங்கித் தரையில் போட்டான்.
"உன் வண்டியின் வாயைப் பொத்திய கை இதுதான்.
செய்தவனே பொத்தி அனுப்பியிருக்கிறான்."
துளைக்கு ஒரு ரப்பர் மூடி.
உள்ளே புதுக் காகிதம்.
நான்கு தினார் கொடுத்தேன்,
சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டான்.

வருஷத்துக்கொருமுறை பாஸிங் போகும்போது
திரும்ப மாட்டிவிட வேண்டும்.
அதுவரை குடுவை டிக்கியில்,
ஸ்டெப்னியோடு இடித்துக்கொண்டு உருள்கிறது.

போன வாரம் தஸ்தகீரை ஏற்றிக்கொண்டு
பாலம் ஏறும்போது மிதித்தேன்.
"என்னமோ சத்தம் வருதே, ரிப்பேரா?" என்றார்.

ஆமாம் என்றேன்,
உரக்க.